சார்லஸ் வாங்கிய பெட்டி

சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்புக் கச்சேரியில் நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சார்லஸின் பேஸ் கிட்டாரிலிருந்து ஒயர் கழன்று விழுந்தது. விழுந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்தும் விட்டார். ஆனால் பேஸ் சத்தம் நிற்கவில்லை. மேடையின் இரண்டு பக்கமும் நின்ற ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து அது தும்தும்மென்று தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

சார்லஸ் குனிந்து ஒயரை எடுத்து மறுபடி செருகினார். மணமக்கள் பக்கம் திரும்பி வழக்கம்போலச் சிரித்தார். மிச்சப் பாட்டுகளுக்கும் விரலை ஆட்டினார், ஆனால் மனசெல்லாம் காதில்தான் இருந்தது. நடுவில் ஒரு தடவை வேண்டுமென்றே தப்பான கம்பியைத் தட்டிப் பார்த்தார். பெட்டியில் சரியான சுரம் வந்தது. தப்புச் செய்தும் சரியாகக் கேட்டால் அது யாருடைய வாசிப்பு?

பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த சத்தம். இருக்கும்போது ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் பாட்டு உப்பில்லாத குழம்பு மாதிரி ஆகிவிடும். அந்த உப்பைப் போடுகிறவர் தான்தான் என்று எட்டொன்பது வருஷமாக நினைத்திருந்தார் சார்லஸ். தேன்துளி மெல்லிசைக் குழு என்று போட்ட நோட்டீசில் அவர் படமும் உண்டு. அதில் குளிர்கண்ணாடி போட்டிருப்பார். பகலில் அவர் புவனகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் உடைத்த சோதனைக் குழாயைக் கூட்டுவதும், அமிலப் பாட்டில்களைப் பூட்டி வைப்பதும் வேலை. சாயந்திரம் மேடையேறினால்தான் அவருக்கு நெஞ்சு நிமிரும். அதைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

குழுவை நடத்துகிறவர் எபிநேசர். கீபோர்டு வாசிப்பவர், சார்லஸின் மனைவி ஜெயராணிக்குக் கூடப் பிறந்த அண்ணன். கல்யாணமான புதிதில் சார்லஸைக் குழுவில் சேர்த்துக்கொண்டது அவர்தான். அதற்கு முன்னால் சார்லஸ் வாசித்ததெல்லாம் சபையில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கீர்த்தனைகளுக்கு.

மறுநாள் காலை. ஐப்பசித் தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. காயாத யூனிபாரம் கூடத்து மின்விசிறிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயராணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அன்றைக்கு மதிய டூட்டி. இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஜெயா, நான் ஒரு பொட்டி வாங்கப் போறேன்."

"என்னா பொட்டி?"

"ஆம்ப். பேஸுக்குன்னே தனியா வருது. என் காலாண்ட வெச்சிக்கினா என் சத்தம் எனக்குக் கேக்கும்."

"இத்தினி வருசமா கேக்கலயா?"

"சத்தம் கேட்டுச்சு. அது என்னுதா இல்லயான்னுதான் இப்பத் தெரியல."

ஜெயராணி சிரித்தாள். "காதுல அடைப்பு எதனா இருக்கப் போவுது. டூட்டிக்கு என்கூட வாங்க, டாக்டர்கிட்ட காட்டிரலாம்."

சார்லஸ் சிரிக்கவில்லை. ஒயர் கழன்றதையும் தப்புக் கம்பியையும் சொன்னார். அவள் கை இட்லித் தட்டில் அப்படியே நின்றது.

"எக்கோவா இருக்கும்."

"எக்கோ நம்ம தப்பத்தான் திருப்பிச் சொல்லும். தப்பத் திருத்திச் சொல்லாது."

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா ஒரு பதில் சொல்லுவாரு. அந்தப் பதில நான் நம்பணுமே."

அவளுக்குச் சுருக்கென்றது. பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை அதிகப்படியாக வந்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். "எங்க அண்ணனயா சந்தேகப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அடுக்களையில் பாத்திரம் வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே சத்தம் போட்டது.

எபிநேசருக்குக் கீழ வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்தபடியே இருப்பார்கள். சார்லஸ் போனபோது ஒலிபெருக்கி அமைக்கிற பக்கிரியும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குழுவின் எல்லா மேடைக்கும் மைக், மிக்சர், பெட்டி எல்லாம் பக்கிரியுடையதுதான். எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது அவர் விரல் நகர்த்துகிற பட்டனில் இருக்கிறது. கச்சேரி தொடங்கும் முன்னால் ஒவ்வொருத்தரையாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். அப்போது சார்லஸின் பேஸ் மண்டபம் அதிரக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் இத்தனை வருஷமும் நிம்மதியாக மேடையில் நின்றிருக்கிறார்.

"மச்சான், நான் ஒரு ஆம்ப் வாங்கலாம்னு இருக்கேன்," என்றார் சார்லஸ்.

எபிநேசர் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து நிமிர்ந்து முதலில் பக்கிரியைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை சார்லஸ் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு மாப்ள? பக்கிரி அண்ணன் பொட்டியில வராத சத்தமா?"

"சின்ன எடத்துக்குப் போனா பேஸுக்கு மிக்சர்ல லைன் பத்தாதுன்னு அவருதான சொல்றாரு."

"சின்ன எடத்துல எவன் பேஸ் கேக்குறான்? மைக்கு கேட்டா போதும் அவுங்களுக்கு. அத்தத் தூக்கிக்கினு பஸ் ஏறி எறங்கறதுக்குள்ள இடுப்பு போயிரும் மாப்ள."

"எம் மேடையில வெளிப் பொட்டி வெச்சா கொய்ங்னு எரையும்," என்றார் பக்கிரி, டீத் தம்ளரைப் பார்த்தபடியே. "கரண்டு வேற ஏறி எறங்குது. எம் மிக்சர் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"எடமும் பத்தாது மாப்ள. மேடையில எம்மாம் எடம் கெடக்குது சொல்லு?"

ஒரு விஷயத்துக்கு ஒரு காரணம் சொன்னால் நம்பலாம். இடுப்பு, கரண்டு, இடம் என்று மூச்சு விடாமல் அடுக்கினால் சந்தேகம் வராதா? சார்லஸ் தலையை ஆட்டிவிட்டு வந்தார். தன்னைக் கழற்றிவிட மச்சானும் பக்கிரியும் சேர்ந்து ஏதோ செய்கிறார்கள் என்று அவர் மனசு முடிவு கட்டிவிட்டது. ஏன் கழற்ற வேண்டும் என்பதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. கிடைக்காத காரணம்தான் ராத்தூக்கத்தைக் கெடுக்கும்.

சனிக்கிழமை கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். வழியெல்லாம் மழை. ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கடலூர் இம்பீரியல் ரோட்டில் இருந்த இசைக்கருவிக் கடையில் இரண்டு பெட்டிகள் காட்டினார்கள். ஒன்று கைப்பெட்டி அளவு, இருபது வாட்ஸ். வீட்டுக்குள் பழகுவதற்குச் சரி, டிரம் பக்கத்தில் வைத்தால் கொசு ரீங்காரம்தான். இன்னொன்று பதினைந்து இஞ்சு ஸ்பீக்கர். சத்தம் அருமை. தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வேண்டும். கடைக்காரர் பெரியதைத்தான் எடுக்கச் சொன்னார்.

"பெருசு எடுத்துட்டா பின்னால வருத்தப்பட மாட்டீங்க சார்."

"எங்கிட்ட டிவிஎஸ்தான் இருக்குது. பின்னால ஒக்கார்ற எம் பொண்டாட்டிதான் வருத்தப்படுவா."

பழைய பெட்டி ஒன்று விலைக்கு இருப்பதாக அதே கடையில்தான் யாரோ சொன்னார்கள். புதுப்பாளையத்தில் தட்சிணாமூர்த்தி என்பவர் வீடு. கரும்பு ஆலைக் கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இளவயசில் ஊர் ஊராகப் போய் பேஸ் வாசித்தவராம். இப்போது சர்க்கரை நோயில் விரல் நுனி மரத்துப் போய்விட்டது. கதவை அரைவாசி திறந்து, சார்லஸையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு அனுப்பிச்சா?"

"கடையில சொன்னாங்க சார்."

"கடைக்காரன் அவன் பொட்டிய விக்காம என் பொட்டிக்கு ஏன் ஆள் அனுப்புறான்?"

நியாயமான கேள்வி. ஒரு சந்தேகக்காரருக்கு இன்னொரு சந்தேகக்காரர் வாய்த்தார். கடைசியில் உள்ளே விட்டார். பெட்டி, துவைத்த வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு மூலையில் இருந்தது. நூறு வாட்ஸ், பத்து இஞ்சு ஸ்பீக்கர். சார்லஸ் தூக்கிப் பார்த்தார். அரைச் சிப்பம் அரிசி கனம் இருக்கும், ஒரு கையால் தூக்க முடிந்தது. பின்பக்கம் மூக்கை வைத்து மோந்தார். ஸ்பீக்கருக்குள் கம்பிச்சுருள் எரிந்திருந்தால் தீய்ந்த வார்னிஷ் நாற்றம் விடாது, ஆய்வகத்தில் எரிந்த மோட்டார்கள் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தன. நாற்றம் இல்லை. முன்துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தடித்த கம்பியைத் தட்டினார். உள்ளே ஸ்பீக்கர் அட்டை கிழிந்திருந்தால் கரகரக்கும். கரகரக்கவில்லை. ஒரு பட்டனைத் திருகியபோது மட்டும் கர்ரென்றது.

"அது தூசி," என்றார் தட்சிணாமூர்த்தி.

"ஈயம் பத்த வெச்ச மாதிரி இருக்குதே சார் இங்க?"

"ஒரு தரம் கழண்டுச்சு, வெச்சேன். கழண்டா வெக்கத்தான செய்வாங்க?"

"முழு சத்தத்துல வாசிச்சுப் பாக்கலாமா?"

"பக்கத்து வீட்டுல பரிச்சைக்குப் படிக்கிறாங்க. பாதியில வாசிங்க."

பாதியில் வாசித்தார். தனியாக, கூட யாரும் இல்லாமல், காலடியிலிருந்து தன் சத்தம் எழுந்து வந்ததைக் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையில் கேட்கிற சத்தம் இதுவரைக்கும் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. இது கொஞ்சம் கரடுமுரடாக, சொந்தப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

தட்சிணாமூர்த்தி கொஞ்சம் இளகினார். "யாரு கூட வாசிக்கிறீங்க?"

"சிதம்பரம், தேன்துளி."

"எபி குரூப்பா? போன மாசம் திருப்பாப்புலியூர்ல கேட்டேன். அந்தக் கீபோர்டு ஆளு எடது கை நல்லா ஓடுது தம்பி. பேஸ் பூரா எடது கையிலயே போடறான். வலது கையில பாட்டு, எடது கையில பேஸ். பெரிய வேல அது. அப்பறம் அங்க பேஸ் கிட்டார் ஒண்ண வெச்சிக்கினு ஒருத்தர் நின்னாரு, எதுக்குன்னு தெரியல."

"அது நான்தான்," என்றார் சார்லஸ்.

தட்சிணாமூர்த்தி பெட்டியின் மேலிருந்த வேட்டியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு சொன்ன விலையில் தானாகவே குறைத்துக்கொண்டார். அந்த இரக்கம் சார்லஸுக்குச் செருப்படி மாதிரி இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார்.

ராத்திரி பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் ஜெயராணி சுற்றிவந்து பார்த்தாள்.

"இதுக்கா இத்தினி ரகள?"

"ஒங்கண்ணன் எடது கையில பேஸ் போடறாரு ஜெயா. என் சத்தத்த அமுத்திட்டு. ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னா தெரியும்? நான் முன்னால ஒக்காந்து ஒங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பேன். எது எந்தக் கையிலேர்ந்து வருதுன்னு நான் கண்டனா?"

"நெசமாத் தெரியாது?"

அவள் அவரையே பார்த்தாள். "என்னயும் இப்ப அந்த வரிசையில நிக்க வெச்சிட்டீங்க, இல்ல?"

சார்லஸ் பெட்டியின் ஒயரைச் சுருட்டினார். நிற்க வைத்துத்தான் இருந்தார். கட்டின மனைவியின் முகத்தில் பொய் தேடுவது எவ்வளவு கேவலம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. தேடாமல் இருக்கத்தான் முடியவில்லை.

"வர்ற புதன்கெழம காட்டுமன்னார்கோயில்ல கல்யாணம்," என்றாள் ஜெயராணி. "எங்கூட வேல செய்யிற பவானி தங்கச்சிக்கு. நீங்கதான வாசிக்கிறீங்க? நானும் லீவு போட்டுட்டு வர்றேன். முன்னால ஒக்கார மாட்டேன். சைடுல ஒக்காந்து கையப் பாக்குறேன்."

புதன்கிழமை காலையில் முகூர்த்தம், மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் கலையும்வரை கச்சேரி. சின்ன மண்டபம். வெளியே அரிசி ஆலை லாரிகள் சேற்றில் திணறிக்கொண்டிருந்தன. சமையல்கட்டிலிருந்து சாம்பாரும் வடையும் மணத்தன. பக்கிரி இரண்டே பெட்டிதான் கொண்டுவந்திருந்தார். சார்லஸ் யாரையும் கேட்கவில்லை. தன் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, ஒயரைத் தானே செருகி, சுவரில் இருந்த பிளக்கில் மாட்டினார்.

"கரண்டு..." என்று ஆரம்பித்தார் பக்கிரி.

"போனா போவட்டும் பக்கிரியண்ணே. நான் பதில் சொல்றேன்."

எபிநேசரின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் டிரம்பேடு வாசிக்கிற சிலம்பரசன் எண்ணிக்கை கொடுத்துவிட்டான்.

முதல் பாட்டு. ஒரே வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் எப்படி இடித்துக்கொள்வார்களோ அப்படி இருந்தது. பக்கிரியின் பெட்டியிலிருந்து ஒரு பேஸ், சார்லஸின் பெட்டியிலிருந்து இன்னொரு பேஸ். பாடுகிறவர் திரும்பிப் பார்த்தார். சார்லஸ் மச்சானின் இடது கையைப் பார்த்தார். அது கீழ்க்கட்டைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அந்தக் கையை ஒரு தரம் பார்க்கத் தோன்றாமல் போனதே என்று நினைத்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவே நேரம் போய்விட்டது.

"கைய எடுங்க மச்சான்."

எபிநேசர் கேட்காதது போல இருந்தார்.

"எடுங்கன்னு சொல்றேன்."

கை எழுந்தது. இப்போது சார்லஸின் பேஸ் மட்டும். அவர் நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரியின் முடிவில் ஏதோ தட்டுப்பட்டது. மூன்றாவதில் நன்றாகவே தெரிந்தது. சிலம்பரசனின் கால் டிரம் மிதியை மிதிக்கிறது, அதற்கு ஒரு துளி பின்னால் தன் சத்தம் விழுகிறது. ஒவ்வொரு வரி முடிவிலும் அவர் நிற்கிறார், பாட்டு போய்விடுகிறது, அவர் ஓடிப் பிடிக்கிறார். பாட்டு சேற்றில் சிக்கிய லாரி மாதிரி இழுத்தது. மணமகள் திரும்பிப் பார்த்தாள். பாடுகிறவர் ஒரு வார்த்தையை விழுங்கினார். எபிநேசரின் இடது கை காற்றில் தவித்துக்கொண்டு நின்றது. எப்படியோ பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். கல்யாண வீட்டில் எதற்கும் கை தட்டுவார்கள்.

அதற்கப்புறம் சார்லஸ் ஒலியைக் குறைத்துக்கொண்டு சும்மா நின்றார். சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டதும் எபிநேசரைத் தோளில் கைபோட்டு மண்டபத்துக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அங்கே அண்டாக்களைத் தேங்காய் நார் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க."

"என்னாத்த மாப்ள சொல்றது? ஒனக்கே கேட்டுச்சில்ல இப்ப?"

"கேட்டுச்சு. அது ஏன்னு சொல்லுங்க."

எபிநேசர் தூணில் சாய்ந்தார். "நீ சபைக்கு நிக்கிற."

அந்த வார்த்தை சார்லஸுக்குத் தெரியும். சபையில் வளர்ந்த வாத்தியக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கீர்த்தனை பாடும்போது ஒவ்வோர் அடி முடிவிலும் சபையார் மூச்சு வாங்குவார்கள். வயசானவர்கள் கடைசி எழுத்தை இழுத்து முடிப்பார்கள். அதற்குள் வாத்தியம் அடுத்த அடிக்குப் போய்விட்டால் பாதிச் சபை பின்தங்கிவிடும். அதனால் ஒரு இமைப்பொழுது நிற்க வேண்டும். சபைக்கு நிற்பது என்று அதற்குப் பேர். நன்றாக நிற்கிறவர் என்று சின்ன வயசில் சார்லஸைப் போதகரே புகழ்ந்திருக்கிறார்.

"சினிமாப் பாட்டுக்கு யாரு மாப்ள நிக்கிறா? தாளம் நிக்குமா? நானும் அங்கதான வளந்தேன். அந்தப் பழக்கத்த விட ரெண்டு வருசம் பாடுபட்டேன். நீ மொத கச்சேரியில நின்ன. பாட்டு கெடந்து இழுத்துச்சு. பழைய டிரம் ஆளு அடிக்கவே வந்துட்டான். நான்தான் பக்கிரியண்ணன்கிட்ட ஒன் சத்தத்த அமுத்தச் சொல்லிட்டு எடது கையில போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அன்னைக்கி கச்சேரி முடிஞ்சதும் ஜெயா ஒன்னப் பெருமையாப் பாத்த பார்வய நான் பாத்தேன். எனக்கு வாய் வரல. அடுத்த கச்சேரிக்கு அப்பறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்பறம் அதுக்கு அடுத்தது. அப்படியே போயிருச்சு மாப்ள. நீயும் சந்தோசமாத்தான இருந்த?"

சதி என்று ஒன்று இருந்திருந்தால் சார்லஸுக்குச் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். இது அன்பாக இருந்தது. அன்பை எந்தப் பக்கம் பிடித்து அடிப்பது?

"சொல்லியிருந்தா நானும் பாடுபட்டிருப்பேனே," என்றார். குரல் உடைந்தது. அதுவரை மச்சானை அவர் மரியாதை குறைத்துப் பேசியதே இல்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனேடா. என்ன மேடையில பொம்மையா நிக்க வெச்சிட்டியே."

பின்னால் ஜெயராணி நின்றிருந்தாள். பந்தியில் உட்காராமல் வந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"எம் புருசன் ஊமையா நின்னா எனக்குப் பெருமையா இருக்கும்னு ஒனக்கு யாருண்ணே சொன்னது?" என்று கேட்டாள். "எனக்காகன்னு சொல்லாத. எனக்காகன்னா எங்கிட்டயாவது சொல்லியிருப்ப. ஒனக்கு சங்கடமா இருந்துச்சு. அதான் சொல்லல."

எபிநேசர் தலையைக் குனிந்துகொண்டார். அண்டா விளக்குகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. ஒருத்தர் மனம் நோகக்கூடாதென்று நாம் மறைப்பதில் பாதி, நம் மனம் நோகக்கூடாதென்று மறைப்பதுதான்.

கடைசியில் சிலம்பரசன் வந்தான். அவன் குழுவுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வந்த அன்றே விஷயம் தெரிந்தும் பெரியவர்கள் பேச்சென்று வாயை மூடிக்கொண்டிருந்தவன்.

"சார், சாப்ட்டு முடிச்சிட்டாங்க, ஏறணும். பொட்டியத் தூக்கி எம் பக்கத்துல வெச்சிட்டேன். எங்காலப் பாத்துக்கினே வாசிங்க. நான் மிதிக்கிறப்ப நீங்க இருக்கணும். பாடற அண்ணன் தடுமாறுனாலும் நிக்காதீங்க. சனம் எழுந்து போனாலும் நிக்காதீங்க. யாருக்கும் நிக்காதீங்க சார்."

பிள்ளைகள் சோதனையை முடிக்கும்வரை, மனைவிக்கு டூட்டி முடியும்வரை, சபையார் மூச்சு வாங்கும்வரை நின்றே பழகிய மனுஷனுக்கு இதைச் சொன்னால் எப்படி வரும்? வரவில்லை. அடுத்த பாட்டில் பயத்தில் முந்திக்கொண்டு ஓடினார். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். பாடுகிறவருக்கு மூச்சிரைத்தது. பாயசம் குடித்த கையோடு தாம்பூலப் பை வாங்க எழுந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. எபிநேசர் தவியாய்த் தவித்தார். பழக்கத்தில் அவர் இடது கை ஒருமுறை கீழ்க்கட்டைக்கு இறங்கிவிட்டது.

"ண்ணே, கைய எடு," என்றான் சிலம்பரசன், அடித்தபடியே.

சாயங்காலத்துக்கு முன்னால் சிதம்பரம் டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சார்லஸும் ஜெயராணியும் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எபிநேசரின் காரில் வரவில்லை. கண்டக்டர் வந்து பெட்டியைக் காலால் தட்டி, "என்னா இது, மாவு மிஷினா?" என்று கேட்டுவிட்டு அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். வீராணம் ஏரிக்கரை ஓரமாகத் தண்ணீர் தளும்பிக்கொண்டு கூடவே வந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றாள் ஜெயராணி.

சார்லஸ் அவள் முகத்தைப் பார்த்தார். கண், உதடு, நெற்றி எல்லாவற்றையும் பார்த்தார். எட்டொன்பது வருஷமாக எத்தனையோ பேர் அவரிடம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் யார் சொன்னாலும் அந்த வார்த்தை அவருக்குள் இறங்கப்போவதில்லை. அந்த ஒன்றுதான் அன்றைக்கு அவருக்கு ரொம்பவும் வலித்தது.

"அவுங்க மாதிரி நீயும் சொல்லாத ஜெயா."

ஜெயராணி ஏரியிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"சரி. மொத பாட்டு சகிக்கல. கல்யாணப் பொண்ணே திரும்பிப் பாத்துச்சு, எனக்கு எழுந்து ஓடிரலாம்னு இருந்துச்சு. சாப்பாட்டுக்கு அப்பறம் ரெண்டு பாட்டு, நாய் தொரத்துன மாதிரி ஓடுனீங்க. கடைசிக்கு முந்துன பாட்டுல பாதி. பாதிதான். அதுல வாசிக்கிற ஆள் நீங்கதான்னு எனக்குக் கேட்டுச்சு. எங்க அண்ணன் இல்ல, நீங்க. நான் இத்தினி வருசத்துல ஒங்க வாசிப்பக் கேட்டது அந்த அரப் பாட்டுதான்."

சார்லஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், அதையும் அவர் கவனிக்கவில்லை. பெட்டியின் மேல் குனிந்து, மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பாதி?" என்று கேட்டார். "மொதப் பாதியா, பின்பாதியா? சரியாச் சொல்லு."